தாளா, தொழிலா, கடையா, வளர்மையமா? செட்டிநாட்டுக் கல்லூரிகளில் தொழில்முனைவு கற்பிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டுவருகிறார்கள். இளங்கலைப் பாடத்திட்டத்தில் தொழில்முனைவுக்கென்று இரண்டு மூன்று கிரெடிட் ஒதுக்கியாயிற்று. நிர்வாகமும் ஏதாவது செய்யச் சொல்கிறது. கையில் இருக்கும் நேரத்தையும் பணத்தையும் எதில் போடுவது என்பதே அந்தக் கேள்வி. வகுப்பில் ஒரு தாளாக நடத்துவது, மாணவர்களையே சிறு தொழில் நடத்தவைப்பது, உள்ளூர்க் கடைகளிலும் பட்டறைகளிலும் பயிற்சிக்கு அனுப்புவது, வளாகத்துக்குள் ஸ்டார்ட்அப் வளர்மையம் தொடங்குவது என்று நான்கு வழிகள் அவர்கள் முன் இருக்கின்றன. நான்கையும் ஒரே ஆண்டில் தொடங்கி நான்கையும் அரைகுறையாக விட்ட கல்லூரிகள் உண்டு என்பதால், ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுப்பதற்கு உதவியாக இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

தொழில்முனைவுத் திறன் என்று இங்கே நான் குறிப்பது, ஒரு பொருளின் அடக்கவிலையைச் சரியாகக் கணக்கிடுவது, முன்பின் அறியாதவரிடம் விற்பது, கடனுக்குச் சரக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது, கொடுத்ததை உறவு கெடாமல் வசூலிப்பது, அன்றன்று கணக்கெழுதுவது, ஓடாத தொழிலை உரிய நேரத்தில் நிறுத்துவது ஆகியவற்றை. தன்னம்பிக்கை உரைகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்ட கதைக்கு நம் விழா மேடைகளில் கைதட்டல் கிடைக்கும். அதைத் தொடங்கிய, செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் அந்தத் தலைமுறை எங்கே உட்கார்ந்து கணக்குப் படித்தது என்பதை அதே மேடைகளில் கேட்பது அரிது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், மாணவரின் கையில் பிறருடைய பணம் உண்மையாகப் புழங்குகிறதா என்பது. இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். தாளில் எழுதிய 50,000 ரூபாய் குறைந்தால் மதிப்பெண் குறையும். கல்லாவில் 50 ரூபாய் குறைந்தால் மாலையில் ஒருவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விலை, கடன், நம்பிக்கை பற்றிய பாடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையில்தான் படிகின்றன.

இரண்டாவது, ஆசிரியரின் நேரம். கல்லூரிகள் பணத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகின்றன. ஆனால் இந்த வழிகளில் மூன்று, பணத்தைவிட ஆசிரியரின் மணிநேரத்தைத்தான் தின்கின்றன. 60 பேர் கொண்ட வகுப்பை 12 குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவின் கணக்கையும் வாரம் அரை மணி நேரம் பார்த்தால், வாரத்துக்கு 6 மணி நேரம் ஆகிறது. கால அட்டவணையில் அதற்கு ஒதுக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் 2 அல்லது 3 மணி நேரமே.

மூன்றாவது, நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பது. இன்று இந்தப் பகுதிக் கல்லூரிகளில் படிப்பவர்களில், வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் கணிசமானோர். சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருகிற இவர்களுக்குக் கைகொடுக்கப் பங்காளிகளின் வட்டிக்கடையோ, ஜாமீன் நிற்கச் செல்வாக்குள்ள உறவோ இல்லை. 3,000 ரூபாய் நட்டம் ஒரு மாணவருக்குப் பாடமாகவும் அடுத்த இருக்கை மாணவருக்குப் படிப்பை நிறுத்தும் காரணமாகவும் இருக்கக்கூடும்.

நான்காவது, யாரெல்லாம் பங்கேற்க முடியும் என்பது. விடுதி மூடும் நேரம், கடைசி நகரப் பேருந்து, மாலை இருட்டிய பின் பெண்ணை வெளியே அனுப்பத் தயங்கும் வீடு ஆகியவை சேர்ந்து, நல்லதாகத் தோன்றும் திட்டத்தையும் பத்து மாணவர்களுக்கான திட்டமாகச் சுருக்கிவிடும். ஐந்தாவதாக, செய்ததை மதிப்பெண்ணாக மாற்ற முடிய வேண்டும். முடியாவிட்டால் தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் தாமாகவே அதைக் கைவிடுவார்கள்.

## வழி 1: வகுப்பறைத் தாள்

பெரும்பாலான கல்லூரிகள் இப்போது செய்வது இதுதான். வணிகவியல் அல்லது மேலாண்மைத் துறை ஆசிரியர் ஒருவர் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்துவார்; மாணவர்கள் ஒரு திட்ட அறிக்கை எழுதித் தருவார்கள்; இறுதியில் எழுத்துத் தேர்வு. செலவு மிகக் குறைவு, எத்தனை பேரையும் சேர்க்கலாம், மதிப்பெண் தகராறு இல்லை, நட்டம் யாருக்கும் இல்லை. அளவுகோல்களில் நான்கில் இது நல்ல நிலையில் நிற்கிறது. முதலாவதில் மட்டும் முற்றாகத் தோற்கிறது.

தாளால் விளைவே இல்லை என்று சொல்ல முடியாது. துனிசியாவில் 2009-10 கல்வியாண்டில் இளங்கலை மாணவர்களுக்கு, வழக்கமான ஆய்வேட்டுக்குப் பதிலாகப் பயிற்சி பெற்றுத் தொழில் திட்டம் எழுதும் வாய்ப்புத் தரப்பட்டது. விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டபோது, சுயதொழிலில் இறங்கியோர் விகிதம் சற்றே கூடியிருந்தது. ஆனால் வேலையில் இருப்போரின் மொத்த விகிதம் மாறவில்லை. வகுப்பறையோடு வழிகாட்டுநரும் சேர்ந்த திட்டத்துக்கே பலன் இவ்வளவுதான் என்றால், வெறும் தேர்வுத் தாளிடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

என்ன கற்பிக்கிறோம் என்பதும் பலனை மாற்றுகிறது. டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்வோரைக் கொண்டு நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், தானே முந்திச் செயல்படும் மனப்பாங்கைப் பழக்கிய பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. கணக்கு, சந்தைப்படுத்தல் என்ற வழக்கமான பாடங்களைப் பெற்றவர்களிடம் உறுதியாகச் சொல்லத்தக்க உயர்வு காணப்படவில்லை. அவர்கள் ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள், மாணவர்கள் அல்லர் என்பதை மறக்கலாகாது. எனினும், "தொழில்முனைவோரின் இயல்புகள் யாவை" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்கும் வினாத்தாளை மறுபரிசீலனை செய்ய இது போதுமான காரணம்.

இதன் மறைசெலவு, மாணவர்கள் திட்ட அறிக்கை எழுதுவதையே தொழில் என்று நினைத்துவிடுவது. முந்தைய ஆண்டு மாணவரின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றித் தருவதும் உண்டு. ஆசிரியருக்குத் தெரிந்தாலும், 60 அறிக்கைகளின் எண்களைச் சரிபார்க்க நேரம் இருப்பதில்லை.

இந்த வழி சிறப்பது எங்கே என்றால், அரசுத் திட்டங்களையும் வங்கிக் கடனையும் அணுகும் அறிவைத் தருவதில். மாவட்டத் தொழில் மையம் வழியாகச் செயல்படும் நீட்ஸ் என்ற தமிழக அரசின் புதிய தொழில்முனைவோர் திட்டத்தில் பட்டதாரிகளுக்குத் திட்டச் செலவில் 25 சதவீதம் மானியமும் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. ஆனால் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வங்கி ஏற்கும் திட்ட அறிக்கையும் வேண்டும். இருபது வயதில் மூன்றாம் ஆண்டு படிக்கிற மாணவருக்கு இது இன்றைய உதவியன்று, பட்டம் பெற்ற பிறகு கைகொடுக்கப்போவது. உத்யம் எனப்படும், சிறு குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு இலவசம், சிறிய உணவுத் தொழிலுக்கு உரிமம் இல்லாமல் உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டுமே போதும், பொருள் விற்பவருக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை என்பன போன்ற செய்திகளைத் தாளில் சொல்லிக்கொடுப்பதுதான் சிக்கனம்.

## வழி 2: மாணவர் நடத்தும் சிறு தொழில்

ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு சிறு தொகையைக் கடனாகக் கொடுத்து, ஒரு பருவத்துக்குள் ஏதேனும் ஒன்றை வாங்கி விற்கவோ செய்து விற்கவோ சொல்வது இந்த வழி. அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் கல்லூரி தரும் கடனில் தொழில் தொடங்கி, ஆண்டு முடிவில் அதை மூடி, கடனை அடைத்து, லாபத்தை அறப்பணிக்குக் கொடுக்கிறார்கள். வியாபார வருவாயில் மகமை என்ற அறப்பங்கை எடுத்துவைத்துக் கோவிலுக்கும் பள்ளிக்கும் செலவிட்ட ஊரில், இந்தக் கடைசி விதியை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. உகாண்டாவின் மகேரேரே பல்கலைக்கழகத்தில் ஜெர்மானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்தப்பட்ட பயிற்சியிலும், 12 வாரங்களுக்குள் சிறு முதலில் உண்மையான தொழிலைத் தொடங்கி நடத்துவதே பாடமாக இருந்தது.

முதல் அளவுகோலில் இது நன்றாகத் தேறுகிறது. ஆனால் விளைவு எப்போதும் நிர்வாகம் விரும்பும் திசையில் இருப்பதில்லை. நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்விக் கல்லூரியின் மாணவர் நிறுவனத் திட்டத்தை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வில், மாணவர்களின் தொழில்முனைவுத் திறன்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை; தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்திருந்தது. மியூனிக்கில் கட்டாயப் பாடமாக நடந்த பயிற்சியைப் பற்றிய ஆய்வும் அதே ஆண்டில் வந்தது. அங்கேயும் விருப்பம் சற்றுக் குறைந்தது, ஆயினும் தாங்கள் இதற்குத் தகுந்தவர்களா என்ற தெளிவு மாணவர்களுக்குக் கூடியிருந்தது. இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. வியாபாரம் தனக்கு ஒத்துவராது என்று பத்தொன்பது வயதில் 500 ரூபாய் இழந்து தெரிந்துகொள்வது, முப்பது வயதில் மனைவியின் நகையை அடகுவைத்துத் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஆண்டறிக்கையில் எத்தனை மாணவர்கள் தொழிலதிபர் ஆனார்கள் என்று எண்ணும் நிர்வாகத்திடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இங்கே மறைசெலவுகள் பல. முதலாவது, மாணவர்கள் தங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எடுத்துக்காட்டாக, ஐந்து பேர் ஒரு பருவத்தில் ஆளுக்கு 40 மணி நேரம் உழைத்துத் தேன்குழலும் சீப்புச் சீடையும் விற்று 6,000 ரூபாய் லாபம் பார்த்தார்கள் என்று கொள்வோம். 200 மணி நேரத்துக்கு 6,000 என்றால் மணிக்கு 30 ரூபாய். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆச்சிக்குக் கொடுக்கிற கூலியைவிடக் குறைவாகத்தான் இது இருக்கும். கணக்கை இப்படிப் போட்டுக் காட்டாத வரையில் அந்தக் குழு தன்னை வெற்றி பெற்றதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, எல்லாக் குழுக்களும் வளாகத்துக்குள்ளேயே விற்பது. சக மாணவரின் பைக்காசை மற்றொரு சக மாணவர் வாங்கிக்கொள்வதில் சந்தை பற்றிய அறிவு எதுவும் பிறக்காது. விற்பனையில் பாதியாவது வளாகத்துக்கு வெளியே நடந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தால், வாரச் சந்தை, பிள்ளையார்பட்டி சதுர்த்தி விழா, குன்றக்குடி பங்குனி உத்திரம் என்று மாணவர்கள் தாமாகவே இடம் தேடுவார்கள்.

மூன்றாவது, வீட்டுப் பணம் சத்தமில்லாமல் உள்ளே வருவது. கல்லூரிக் கடனாக 5,000 ரூபாய் என்றால், அதற்கு மேல் அப்பா கொடுத்த 10,000 ரூபாய் கணக்கில் எழுதப்படாமல் இருக்கும். வசதியுள்ள குழு முந்துவதும், வசதியில்லாத குழு தன்னைக் குறைத்து மதிப்பிட்டுக்கொள்வதும் இதனால்தான். முதலீட்டுக்கு உச்சவரம்பு வைத்து, அதை மீறினால் மதிப்பெண் குறைப்பது ஒன்றே வழி.

நான்காவது, கல்லூரிப் பணம் என்பதால் வரும் தணிக்கை. மாணவர் குழு திருப்பித் தராத தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அலுவலகம் கேட்கும். கேட்பதில் தவறும் இல்லை. கடன் நிதியை முன்னாள் மாணவர் சங்கத்திடம் வைப்பது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும். ஒழுங்காகக் கணக்கு வைத்து நட்டமடைந்தால் கடன் தள்ளுபடி, கணக்கே இல்லையென்றால் லாபம் வந்திருந்தாலும் முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்ற விதியை நான் பரிந்துரைப்பேன். முதலாண்டில் இதைத் தொடங்கவும் வேண்டாம். 18 வயது நிறையாத மாணவர் சிலர் வகுப்பில் இருப்பார்கள், அவர்கள் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

## வழி 3: உள்ளூர்க் கடைகளிலும் பட்டறைகளிலும் பயிற்சி

நகரத்தார் தொழிலில் ஒரு பையன் நேரே முதலாளி ஆனதில்லை. பெட்டியடிப் பையனாகக் கல்லாப் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்துகொண்டே வட்டிக் கணக்கும் பேரேடும் படித்தான், பிறகு ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், அதன் பின்னரே பர்மாவிலோ மலேயாவிலோ ஒரு கடையைத் தனியே நடத்தும் ஏஜெண்ட். சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதி, பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் கடலுக்கு அப்பால் போய்வந்தார்கள். திரும்பும்போது ஐந்தொகை, அதாவது கடையின் முழு வரவுசெலவு இருப்புக் கணக்கு, எடுத்துக் காட்டினார்கள். தன் பணத்தைக் கையாள்வதற்கு முன் பிறர் பணத்தைக் கையாண்டு பழகுவது என்ற வரிசைதான் அதன் அடிப்படை.

அந்த முறையை அப்படியே இன்று கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. அது ஒரே சாதிக்குள், ஆண்களுக்கு மட்டும், உறவும் கோவிலும் ஜாமீனாக நின்ற நம்பிக்கையின் மேல் நடந்தது. இன்றைய வகுப்பில் பல சாதியினரும் பெண்களும் இருக்கிறார்கள். கடைக்காரருக்கும் மாணவருக்கும் இடையே முன்னறிமுகமும் இல்லை. நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது அந்த வரிசையை மட்டுமே. உறவு செய்த வேலையை இப்போது கல்லூரி செய்ய வேண்டும்.

இந்த வட்டாரத்தின் வசதி என்னவென்றால், ஒவ்வொரு தொழிலும் வெவ்வேறு பாடத்தைக் கையில் வைத்திருக்கிறது. ஆத்தங்குடித் தளக்கல் பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, கையால் ஒவ்வொரு கல்லாகச் செய்து, நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் செய்ய முடியும் என்ற வரம்பு இருப்பதால், முன்பணம் எவ்வளவு வாங்குவது, எந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்வது, வழியில் உடைந்த கல்லுக்கு யார் பொறுப்பு என்பன அன்றாடப் பேச்சாகவே இருக்கும். பலகாரக் கடையில் பாடம் வேறு: கெட்டுப்போகும் நாளுக்குள் விற்றாக வேண்டும், உறையில் எடையும் தேதியும் விலையும் சரியாக அச்சிட்டிருக்க வேண்டும், கல்யாண ஆர்டர் ஒன்று தள்ளிப்போனால் வாங்கிய எண்ணெயும் மாவும் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எந்தப் பொருளுக்கும் அச்சிட்ட விலை கிடையாது. வாங்குபவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதையும், ஒரு மரத்தூணில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு மாதாமாதம் வட்டி ஓடுவதையும் அங்கேதான் பார்க்க முடியும். கானாடுகாத்தான் பக்கத்துப் பாரம்பரிய விடுதிகள் சுற்றுலாப் பருவத்தின் ஏற்ற இறக்கத்தைக் கற்பிக்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை நெய்பவரிடமும் விற்பவரிடமும் ஒரு மாணவரை மாறி மாறி அனுப்பினால், ஒரே சேலையின் விலை இரண்டு இடங்களில் ஏன் வேறாக இருக்கிறது என்பதை அவரே எழுதித் தருவார்.

மறைசெலவுகளும் இங்கே சிறியவை அல்ல. கடைக்காரர் எல்லாவற்றையும் காட்டுவார், கணக்கை மட்டும் காட்டமாட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. வாங்கும் இடமும் வாங்கும் விலையும்தான் அவருடைய தொழில். ஆகவே மொத்தக் கணக்கையும் கேட்காமல், ஒரு பொருளின் அல்லது ஓர் ஆர்டரின் வரவு செலவை மட்டும் மாணவர் எழுதிப்பார்க்க இசைவு பெறுவதே நடைமுறைக்கு உகந்தது. அடுத்த ஆபத்து, மாணவர் சம்பளமில்லாத கூலியாளாக ஆகிவிடுவது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பலகாரக் கடைக்கு அனுப்பினால், அவர் பெட்டி கட்டிக்கொண்டேதான் இருப்பார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. எண்ணெய்ச் சட்டி, சிமெண்டுத் தூசி போன்றவற்றுக்கான பாதுகாப்பும் விபத்துக் காப்பீடும் கல்லூரியின் பொறுப்பு. மாணவிகளைப் பொறுத்தவரை, நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பது உதவிதான். ஆனால் மாலை ஆறு மணிக்குள் முடியும் கடைகளாகப் பார்த்து, ஒரே கடைக்கு இருவராக அனுப்பாவிட்டால் வீட்டில் இசைவு கிடைப்பது கடினம். தேடிப் பார்த்தால், பெண்களே நடத்தும் பலகாரத் தொழில்களும், பனையோலைக் கொட்டான் பின்னும் குழுக்களும் இந்த வட்டாரத்தில் உண்டு.

இவற்றையெல்லாம் ஒரு பக்கத் தாளில் எழுதி மாணவர், கடைக்காரர், கல்லூரி ஆகிய மூவரும் கையெழுத்திடுவதை நான் கட்டாயமாக்குவேன்: எத்தனை மணி நேரம், எந்த வேலைகள் மட்டும், எந்தக் கணக்கை மாணவர் பார்க்கலாம், எதை வெளியே சொல்லக்கூடாது, வாரம் ஒருமுறை உரிமையாளர் பத்து நிமிடம் பேசுவாரா, போக்குவரத்துச் செலவு யாருடையது. பழைய சம்பளச் சீட்டு செய்த வேலையும் ஏறத்தாழ இதுவே. மதிப்பெண் விஷயத்திலும் பெரிய தடையில்லை. தொழிற்பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள்ளேயே இணைக்கும் வழிகாட்டு நெறிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-லேயே வெளியிட்டிருக்கிறது. சிறு கடைகளுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை, உள்ளகப் பயிற்சி என்ற தலைப்பே போதும்.

## வழி 4: வளாகத்துக்குள் வளர்மையம்

நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். திறப்பு விழா நடத்த முடிவது இதற்கு மட்டும்தானே. அறை, இணையம், கணினி, வழிகாட்டுநர், சிறு நிதி ஆகியவற்றைத் தந்து, யோசனையோடு வரும் மாணவரை நிறுவனம் தொடங்கும் வரை தாங்குவது இதன் நோக்கம். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான தேசியப் புத்தாக்க ஸ்டார்ட்அப் கொள்கை இதற்கு வழிவிடுகிறது: தொழில் தொடங்கும் மாணவருக்கு வருகைப்பதிவில் தளர்வு தரலாம், பருவ இடைவெளி தரலாம், உதவிக்கு ஈடாகக் கல்வி நிறுவனம் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஆராய்ச்சியிலிருந்து பிறக்கும் தொழிலுக்கு இது தேவை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் காரைக்குடிக்கு வந்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஊரிலேயே இருக்கிறது. மின்கலம், துருத்தடுப்பு, உலோகப் பூச்சு போன்றவற்றில் ஆய்வகச் சோதனை தேவைப்படும் ஒரு யோசனையைக் கடைத்தெருவில் வளர்க்க முடியாது. பொறியியல், முதுநிலை அறிவியல் மாணவர்களுக்கு இந்த வழியை நான் மறுக்கமாட்டேன்.

இளங்கலைக் கலை, வணிக, அறிவியல் வகுப்புக்கு மட்டும் இது பொருந்துவதில்லை. 60 பேரில் மூன்று நான்கு பேரே உள்ளே போவார்கள். மீதமுள்ளவர்களுக்கு அது பூட்டிய அறை. மானியம் தீர்ந்த பிறகு மேலாளரின் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் தொடக்கத்தில் யாரும் பதில் எழுதிவைப்பதில்லை. அப்படி ஒரு மாணவர் உண்மையாகவே வந்துவிட்டால், தமிழ்நாடு ஸ்டார்ட்அப் இயக்கத்தின் மதுரை வட்டார மையம் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. அவரை அங்கே கூட்டிச்செல்ல ஓர் ஆசிரியரை நியமிப்பது, கட்டடம் எழுப்புவதைவிட மலிவு. ஒருநாள், இருநாள் யோசனைப் போட்டிகளையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடலாம்: மேடையில் பேசும் துணிச்சல் வரும், கணக்கு வராது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வகுப்பறைத் தாள் | மாணவர் தொழில் | கடைப் பயிற்சி | வளர்மையம் |
|---|---|---|---|---|
| பிறர் பணம் கையில் புழங்குவது | இல்லை | உண்டு, சிறு அளவில் | உண்டு, கடைக்காரர் நம்பும் அளவுக்கு | பெரும்பாலும் மானியப் பணம் |
| ஆசிரியர் நேரம் | குறைவு | மிக அதிகம் | தொடக்கத்தில் மிக அதிகம், பிறகு நடுத்தரம் | தனி ஆளே வேண்டும் |
| நட்டம் யாருக்கு | யாருக்கும் இல்லை | நிதிக்கு. விதி இல்லையென்றால் மாணவர் வீட்டுக்கு | கடைக்காரருக்குச் சிறிது | கல்லூரிக்கு |
| எத்தனை பேர் | வகுப்பு முழுவதும் | வகுப்பு முழுவதும், குழுவாக | கிடைக்கும் கடைகளைப் பொறுத்து | மிகச் சிலர் |
| மறைசெலவு | நகலெடுத்த அறிக்கைகள் | கணக்கில் வராத உழைப்பும் வீட்டுப் பணமும் | கூலியில்லா வேலை, மூடிய கணக்கு | மானியத்துக்குப் பிந்தைய சம்பளம் |
| மதிப்பெண் | எளிது | கணக்குப் புத்தகத்துக்குத் தரலாம் | நாட்குறிப்புக்கும் நேர்முகத்துக்கும் தரலாம் | கடினம் |

## எந்தக் கல்லூரிக்கு எது

ஒரே ஆசிரியரிடம் 120 மாணவர்களை ஒப்படைத்திருக்கும் கல்லூரி, தாளை மட்டும் வைத்துக்கொள்வதே நேர்மை. அதில் இயல்புகளையும் வரையறைகளையும் குறைத்து, உள்ளூர்ப் பொருள் ஒன்றின் அடக்கவிலையை உண்மையான கொள்முதல் விலைகளைக் கேட்டுவந்து கணக்கிடும் பயிற்சியை அகமதிப்பீட்டில் சேர்த்தால் போதும். காரைக்குடி நகரிலிருந்து தள்ளி, சுற்றிலும் கடைகள் குறைவாக உள்ள கல்லூரிக்கு மாணவர் தொழில் பொருந்தும். முன்னாள் மாணவர் சங்கம் உயிரோடு இருப்பது அதற்கு முன்நிபந்தனை. பொறியியல் கல்லூரிக்கும் முதுநிலை அறிவியல் துறைகளுக்கும் வளர்மையம்.

மற்றவற்றுக்கெல்லாம், அதாவது நகரத்துக்குள் அல்லது அருகில் இருக்கும் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு, நான்காம் பருவத்தில் கடைப் பயிற்சியும் ஐந்தாம் பருவத்தில் மாணவர் தொழிலும் என்ற இணைப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். வரிசையை மாற்றக் கூடாது. கடையில் ஒரு பருவம் கல்லாவைப் பார்த்த குழு, தன் உழைப்பை அடக்கவிலையில் சேர்க்க மறக்காது. கடன் கேட்கும் நண்பனிடம் என்ன சொல்வது என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும். நெதர்லாந்து ஆய்வில் கண்ட ஏமாற்றத்துக்கு, எதையும் பார்க்காதவர்களை நேரே தொழிலில் இறக்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

காலக்கணக்கும் இந்த வரிசைக்கு ஒத்துவருகிறது. நான்காம் பருவம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. தீபாவளி நெரிசல் முடிந்திருக்கும், விடுதிகளில் சுற்றுலாப் பயணிகள் இருப்பார்கள், தை மாசியில் கல்யாண ஆர்டர்கள் அளவோடு வரும், உரிமையாளருக்குப் பேச நேரம் கிடைக்கும். ஐந்தாம் பருவம் ஜூனில் தொடங்குகிறது. ஆடியில் திட்டமிட்டு, ஆவணியில் சதுர்த்திக் கூட்டத்தில் விற்றுப் பார்த்து, தீபாவளி விற்பனையோடு கடையை மூடிக் கணக்கை ஒப்படைத்துவிட்டு நவம்பர் தேர்வுக்குப் போகலாம். தீபாவளி நவம்பரில் தள்ளி வரும் ஆண்டுகளில், தேர்வு அட்டவணையைப் பார்த்து முடிக்கும் தேதியை இரண்டு வாரம் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் பருவத்துக்கான கடைகளைத் தேட டிசம்பர் வரை காத்திருந்தால் கிடைக்காது. ஆடி மாதமே அதற்கு ஏற்றது. கல்யாணம் இல்லாததால் பலகாரக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் கூட்டம் குறைந்திருக்கும், உரிமையாளர் உட்காரச் சொல்லிப் பேசுவார். துணிக்கடைகளுக்கு மட்டும் ஆவணி பிறந்த பிறகு போவது உத்தமம். ஆடித் தள்ளுபடி முடியும்வரை அங்கே யாரும் தலைநிமிர மாட்டார்கள்.